மரம் ஏறினால் தப்பிக்கலாமா? கரடிக் காட்டில் நடப்பவர்களின் கேள்விகள்

தேயிலைத் தோட்டத்துக்குள் கரடி நடமாடும் வீடியோ ஒவ்வொரு முறை வாட்ஸ்அப்பில் சுற்றும்போதும் எனக்கு நாலைந்து கேள்விகள் வந்துவிடும். இந்த முறை கொஞ்சம் அதிகம் சேர்ந்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். ‘கரடி’ என்று நான் சும்மா சொன்னால் அது நம் பக்கத்துக் கரடி, தேன்கரடி என்றும் சொல்வார்கள். தென்னிந்தியக் காடுகளில் வேறு கரடி இனம் கிடையாது.

கோத்தகிரியில் ஹோம்ஸ்டே எடுத்திருக்கிறோம். காலை 5.30-க்கு எழுந்து எஸ்டேட் ரோட்டில் வாக்கிங் போகலாமா சார்?

போகலாம், 5.30-க்கு வேண்டாம். நன்றாக விடியட்டும். கரடி பெரும்பாலும் சாயங்காலத்திலிருந்து விடியும்வரை சுற்றும், வயிறு நிறைந்தபின் உண்ணிச்செடிப் புதருக்கோ பாறை இடுக்குக்கோ படுக்கப் போகும். அது வீடு திரும்புகிற நேரமும் நீங்கள் பனிமூட்டத்தில் ஷூ மாட்டிக் கிளம்புகிற நேரமும் ஒன்றாக இருப்பதுதான் சிக்கல்.

கரடிக்குக் கண் மந்தம், காதும் சுமார், மூக்கு மட்டும் அபாரம். காற்று உங்கள் முகத்தில் அடிக்கிறது என்றால் எதிரே இருக்கும் கரடிக்கு உங்கள் வாசனை போகாது. அது பாட்டுக்குக் கறையான் புற்றுக்குள் மூக்கை விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும் (மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு அதற்குக் கிடையாது, அந்தச் சந்து வழியாகத்தான் உறிஞ்சும், சத்தம் தூரத்துக்குக் கேட்கும்), அந்தச் சத்தத்தில் உங்கள் காலடி எங்கே கேட்கப்போகிறது? பத்தடியில் தலையைத் தூக்கிப் பார்த்தால் நீங்கள் நிற்கிறீர்கள். அது ஓடுமா பாயுமா என்று யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளாது. கரடி மனிதனைத் தாக்குவதில் பெரும்பாலானவை இப்படி நடப்பவைதான், தின்பதற்காக யாரையும் தேடி வருவதில்லை.

ஆகவே பேசிக்கொண்டே நடங்கள். மாமியார் கதை, ஆபீஸ் கதை எதுவாக இருந்தாலும் சரி. வளைவுக்கு முன்னால் இரண்டு தட்டு கை தட்டுங்கள், தனியாகப் போகாதீர்கள், இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள்.

சின்ன வயதில் படித்த கதையில் ஒரு நண்பன் மரத்தில் ஏறிக்கொள்வான், இன்னொருவன் மூச்சடக்கிப் படுப்பான். நிஜத்தில் எது வேலைக்கு ஆகும்?

மரமேறியவன் நல்ல நண்பன் இல்லை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். விவரமானவனும் இல்லை என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். தேனடைக்காக மரமேறுகிற பிராணி அது, உங்களைவிட நன்றாகவே ஏறும்.

‘பள்ளத்தைப் பார்த்து ஓடு, முடி முன்னால் விழுந்து கண்ணை மறைக்கும்’ என்று இன்னொன்று சொல்வார்கள். அதையும் மறந்துவிடுங்கள். மேடோ பள்ளமோ, கரடி உங்களைவிட வேகமாக ஓடும். சரிவில் நீங்கள்தான் தடுக்கி விழுவீர்கள்.

தூரத்தில் பார்த்துவிட்டீர்கள், அது உங்களைக் கவனிக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். கவனித்துவிட்டது என்றால் நில்லுங்கள். எல்லோரும் ஒட்டி நின்று, முதுகைக் காட்டாமல், மெதுவான குரலில் பேசியபடி ஒவ்வொரு அடியாகப் பின்வாங்குங்கள். அது போவதற்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள், நீங்கள் அடைத்துக்கொண்டு நின்றால் அது உங்கள் வழியாகத்தான் போகும். பின்னங்காலில் எழுந்து நின்றால் பயந்து ஓடாதீர்கள், அது மோப்பம் பிடித்துப் பார்க்கிறது, அவ்வளவுதான். நேராகப் பாய்ந்து வந்து பாதியில் நின்று திரும்பிப் போவதும் உண்டு, ஓடினால்தான் கெட்டது.

படுப்பது கடைசிக் கட்டம், கை எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டால் மட்டும். அதுவும் கதையில் வருவதுபோல மல்லாந்து அல்ல, குப்புற. முகம் மண்ணோடு இருக்கட்டும், விரல்களைக் கோத்துப் பின்கழுத்தை மூடிக்கொள்ளுங்கள், முதுகுப் பையைக் கழற்றாதீர்கள். இந்தக் கரடி தலையையும் முகத்தையும் குறிவைக்கும், முன்னங்கால் நகங்கள் விரல் நீளம் இருக்கும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். அது நகர்ந்த உடனே எழுந்து பார்க்காதீர்கள். அசைவு தெரிந்தால் திரும்பி வரும்.

ஏன் இவ்வளவு முன்கோபம் என்று கேட்பீர்கள். புலியும் சிறுத்தையும் இருக்கும் காட்டில் வளர்ந்த இனம், மரத்தில் ஒளிந்தால் சிறுத்தை மேலே வந்துவிடும், ஓடினால் புலி பிடித்துவிடும். நின்று அடித்தால்தான் பிழைப்பு என்று ஆகிவிட்டது.

குட்டியை முதுகில் சுமந்து போகும் கரடியை போட்டோ எடுக்க ஆசை அண்ணா. எவ்வளவு கிட்டே போகலாம்?

போகக் கூடாது தம்பி. குட்டியோடு இருக்கும் தாயைவிட ஆபத்தான கரடி காட்டில் கிடையாது. வண்டிக்குள் இருந்து பார்க்கக் கிடைத்தால் அங்கிருந்தே எடுத்துக்கொள், கீழே இறங்காதே.

என் நாயைக் கூட்டிப் போனால் பாதுகாப்புதானே?

இல்லை. அவிழ்த்துவிட்ட நாய் முன்னால் ஓடிக் குரைத்துக் கரடியைக் கிளப்பிவிடும், அப்புறம் பயந்து உங்களிடமே ஓடிவரும். பின்னாலேயே யார் வருவார் என்று சொல்ல வேண்டுமா?

குன்னூரில் சின்னதாக ஒரு காட்டேஜ் நடத்துகிறோம். இரண்டு முறை சமையலறைக் கதவை உடைத்துவிட்டது. என்ன செய்வது?

எண்ணெய். முதலில் எண்ணெயைப் பாருங்கள். நீலகிரியில் கரடி கோயிலுக்குள் புகுந்து விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவதும், சத்துணவுக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் கதவை உடைப்பதும் அடிக்கடி நடக்கிற சங்கதி. அந்த மூக்குக்கு மூடி போட்ட டின் எல்லாம் ஒரு மறைப்பே இல்லை. மரக்கதவு தாங்காது, எண்ணெய், வெல்லம், பழம் எல்லாவற்றையும் இரும்புக் கதவு போட்ட ஓர் அறைக்கு மாற்றுங்கள். மீந்த சோற்றையும் பிரியாணி எலும்பையும் பின்பக்கம் கொட்டுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். பலா, கொய்யா, பேரி மரம் இருந்தால் பழுத்து விழும்வரை விட்டுவைக்காமல் பறித்துவிடுங்கள். கொல்லைப்புறத்தில் நல்ல விளக்கு வேண்டும், இரவில் கதவைத் திறக்குமுன் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விருந்தினர் சந்தோஷப்படட்டும் என்று சாப்பாடு வைத்துக் கரடியை வரவழைக்கிற வேலையைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன், வெளிப்படையாகவே சொல்கிறேன், அது அயோக்கியத்தனம். நாளைக்கு அடிபடப் போவது இலை பறிக்க வரும் அம்மாதான்.

வனத்துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நீங்களாகப் பொறி வைப்பது, வெடி வீசுவது எல்லாம் வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு.

கைப்பையில் வைக்கும் மிளகாய் ஸ்பிரே போதுமா?

அது மனிதனுக்கானது, இரண்டு மூன்று மீட்டர் பீய்ச்சும். கரடிக்கான ஸ்பிரே பெரிய டப்பா, ஏழெட்டு மீட்டர் தூரத்துக்குப் புகைபோலப் பரவும். நம் ஊரில் அதை நம்பி யாரும் காட்டுக்குள் போவதில்லை.

கனடாவில் அக்கா வீட்டுக்குப் போகிறோம், பான்ஃப் தேசியப் பூங்கா ட்ரிப் இருக்கிறது. நீங்கள் சொல்வதெல்லாம் அங்கேயும் பொருந்துமா?

பாதி பொருந்தும். அங்கே கறுப்புக் கரடி, கிரிஸ்லி என்று இரண்டு இனம். அந்த ஸ்பிரேயை அங்கே கட்டாயம் வாங்குங்கள், ஆனால் போய் இறங்கிய பிறகு. விமானத்தில் கைப்பையிலும் விட மாட்டார்கள், பெரிய பெட்டியிலும் விட மாட்டார்கள். வாங்கி முதுகுப் பைக்கு அடியில் போட்டுவைத்துப் பயனில்லை, இடுப்பில் மாட்டுங்கள். கொசு மருந்துபோல உடம்பில் அடித்துக்கொள்வதற்கல்ல, அப்படியும் செய்தவர்கள் இருக்கிறார்கள். பையில் கட்டும் மணியை நம்பாதீர்கள், வாய்ச்சத்தம்தான் உத்தமம்.

கரடியிடமிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அந்தப் பூங்காக்காரர்கள் சொல்லும் கணக்கு. மொரெய்ன் ஏரிப் பக்கம் சில பாதைகளில் சீசனில் நாலு பேருக்குக் குறைந்து போகக் கூடாது என்று போர்டு இருக்கும், மீறினால் அபராதம். கூடாரத்தில் தங்கினால் சாப்பாடு மட்டுமல்ல, பற்பசைகூட உள்ளே இருக்கக் கூடாது. முக்கிய வித்தியாசம் இது: திடுக்கிட்டோ குட்டிக்காகவோ பாய்கிற கரடி என்றால் குப்புறப் படுப்பது அங்கேயும் சரி. ஆனால் உங்களையே நோட்டம்விட்டுப் பின்தொடர்ந்து வந்தாலோ, ராத்திரி கூடாரத்துக்குள் நுழைந்தாலோ படுக்கக் கூடாது, கையில் கிடைத்ததை எடுத்து அடிக்க வேண்டும்.

கரடி கீறிவிட்டால் முதலுதவி என்ன?

ரத்தத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை. சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், 108-க்குப் போன் போடுங்கள். ரத்தம் அடங்கிய காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள், நாய்க்கடிக்குப் போடுகிற அதே வெறிநோய்த் தடுப்பூசி இதற்கும் வேண்டும், டெட்டனஸ் ஊசியும் வேண்டும். ரேஞ்சர் ஆபீஸிலும் பதிவு செய்யுங்கள், இழப்பீட்டுக்கு அது இல்லாமல் ஆகாது.

வழிகாட்டி இல்லாமல் நாங்களே போகலாமா? கரடி இருக்கிற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது குற்றம். 2018-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகளை இறுக்கிவிட்டார்கள். 2024-இல் வந்த வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ மலையேற்றத் திட்டத்தில் 40 வழித்தடங்கள் இருக்கின்றன, பதிவு செய்தால் வழிகாட்டியும் கூட வருவார்.

அடையாளம் என்று பார்த்தால், தோண்டிப் போட்ட புற்று, கொன்றையோ நாவலோ விதை விதையாகக் கிடக்கும் எச்சம், மனிதக் காலடி மாதிரி இருந்து விரலுக்கு வெகு முன்னால் நகக்குழி விழுந்த தடம். இதெல்லாம் எனக்கும் தெரியும் என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். குன்னூருக்குக் கீழே பர்லியார் சரிவில் ஒரு தடவை தோண்டிய புற்றைப் பார்த்து ‘பழசு’ என்று சொல்லிவிட்டு நான் நடந்துகொண்டே இருந்தேன். கூட வந்த இருளர் பெரியவர் ஒரு கட்டி மண்ணை எடுத்து விரலில் நசுக்கினார், ஒன்றும் பேசாமல் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். ஓடிப்போய் ‘என்னங்கய்யா ஆச்சு?’ என்று கேட்டேன்.

‘ஈரம்’ என்றார்.