தாமிரத்தை நம்பிப் படிக்க வைக்கலாமா?

வணக்கம் அம்மா. கார்பன் டை ஆக்சைடை மெத்தனால் என்ற ஆல்கஹாலாக மாற்றுகிற வேலைக்குத்தான் போவேன் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள், இதை நம்பிப் படிக்க வைக்கலாமா, வேதியியலா கெமிக்கல் இன்ஜினியரிங்கா என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகப் படிக்க வையுங்கள். இது நேற்று முளைத்த துறை இல்லை. 1923-லேயே ஜெர்மனியில் பிஏஎஸ்எஃப் நிறுவனம் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து மெத்தனால் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது. இன்று உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் உற்பத்தியாகிறது. பிசின், பிளாஸ்டிக், பெயிண்ட், எரிபொருள் என்று போகாத இடமில்லை. அதனால் கார்பன் டை ஆக்சைடு ஆராய்ச்சியின் வேகம் நாளைக்குக் கொஞ்சம் குறைந்தாலும் அவள் கற்றது வீணாகாது.

இனி வேதியியலா இன்ஜினியரிங்கா என்ற கேள்வி. இதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன், பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. மெத்தனால் தயாரிக்கத் தாமிரம் நல்ல வினையூக்கி, அதாவது வினையை வேகப்படுத்தும் பொருள், என்று அந்தக் காலத்திலேயே தெரியும். ஆனால் நிலக்கரியிலிருந்து வந்த வாயுவில் கந்தகம் இருந்தது, கந்தகம் பட்டால் தாமிரம் செத்துவிடும். அதனால் துத்தநாகம்-குரோமியம் ஆக்சைடை வைத்துக்கொண்டு, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 300 மடங்கு அழுத்தத்தில் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். வாயுவைச் சுத்தம் செய்யும் முறை தேறிய பிறகுதான் 1966-ல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் தாமிரம், துத்தநாக ஆக்சைடு, அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மூன்றையும் சேர்த்த வினையூக்கியைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தது. அழுத்தம் 50 முதல் 100 மடங்காக இறங்கியது, வெப்பநிலை 250 டிகிரியை ஒட்டி. வினையூக்கியைக் கண்டுபிடிப்பது ஒருவர் வேலை, அது பிழைத்திருக்க இடம் அமைத்துக் கொடுப்பது இன்னொருவர் வேலை, இரண்டில் எது இல்லாவிட்டாலும் மெத்தனால் இல்லை.

அவளுக்கு முதலாமவர் வேலை பிடிக்குமா என்று தெரிய, ஆய்வகத்தில் இந்த வினையூக்கியைத் தயாரிப்பதை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தாமிர நைட்ரேட், துத்தநாக நைட்ரேட் கரைசலோடு சோடியம் கார்பனேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள், நீல நிறத்தில் வீழ்படிவு வரும். அதை அப்படியே சூட்டோடு கலக்கிக்கொண்டே இருந்தால், வெளியிலிருந்து எதுவும் சேர்க்காமலேயே நீலம் மெல்லப் பச்சைக்குத் திரும்பும். அந்த நேரத்தில்தான் துத்தநாகம் தாமிரத்தோடு ஒரே படிகத்துக்குள் சேர்கிறது. இங்கே அவசரப்பட்டால் பின்னால் என்ன செய்தும் சரிக்கட்ட முடியாது. அப்புறம் சோடியம் போகும்வரை கழுவ வேண்டும், காயவைத்துச் சுட வேண்டும். நாள் முழுக்க ஒரு பீக்கர் பக்கத்தில் நிற்க அலுக்காதவள் என்றால் வேதியியல்.

இல்லை, "வாயு வினையூக்கி வழியாக ஒரு தடவை போனால் கொஞ்சம்தானே மெத்தனாலாக மாறுகிறது, மீதி வாயு என்னாகும், இவ்வளவு வெப்பம் வெளிவருகிறதே அதை எப்படி எடுப்பார்கள்" என்று கேட்கிறாளா, அப்படியென்றால் கெமிக்கல் இன்ஜினியரிங். ரியாக்டர், மறுசுழற்சி, வெப்ப மேலாண்மை எல்லாம் அங்கேதான்.

கணினியில் ஆர்வம் இருந்தால் மூன்றாவது வழியும் உண்டு. மெத்தனாலில் உள்ள கார்பன் அணு கார்பன் மோனாக்சைடிலிருந்து வருகிறது என்றே பலர் நினைத்திருந்தார்கள். 1980-களில் கதிரியக்கக் கார்பனை அடையாளமாக வைத்துப் பார்த்தபோது, தொழிற்சாலை நிலைமைகளில் பெரும்பகுதி டை ஆக்சைடிலிருந்துதான் என்று தெரிந்தது! துத்தநாகம் அங்கே சரியாக என்ன செய்கிறது என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. அதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதற்கு இயற்பியலும் கணிதமும் நன்றாக வர வேண்டும்.

அவள் ஆசைப்படும் டை ஆக்சைடு வேலையில் பெரிய தலைவலி தண்ணீர். அந்த வினையில் ஒவ்வொரு மெத்தனால் மூலக்கூறுக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறு கூடவே வரும். நீராவி பட்டால் நுண்ணிய தாமிரத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி, வேலை செய்யும் பரப்பு குறைந்துவிடும். இதைச் சமாளிக்கத் தெரிந்த ஆளுக்கு வேலை இருக்கிறது, ஆனால் அந்த இடத்துக்கு இளங்கலை மட்டும் போதாது, முதுகலையும் பெரும்பாலும் முனைவர் பட்டமும் வேண்டும். அத்தனை ஆண்டுகள் தாங்குமா என்று வீட்டில் இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். இன்ஜினியரிங் பக்கம் போனால் நாலு வருடத்தில் வேலைக்குப் போய்விட்டு, பிறகு வேண்டுமானால் படிக்கலாம்.

இன்று ராத்திரி தண்ணீர் விஷயத்தை அவளிடம் சொல்லிப் பாருங்கள். துகள் ஏன் ஒட்டுகிறது என்று கேட்கிறாளா, தண்ணீரை எப்படி வெளியே எடுக்கலாம் என்று கேட்கிறாளா, அதை மட்டும் எனக்கு எழுதுங்கள். கல்லூரிப் பட்டியலை அதை வைத்துப் போடுவோம்.