எண்ணெய் வைத்தும் தலை அரிப்பு நிற்கவில்லையா?

ராத்திரி தேங்காய் எண்ணெய் வைத்துத் தூங்குவதை முதலில் நிறுத்துங்கள். குளச்சலில் இருக்கிறீர்கள், தினமும் எண்ணெய் தேய்த்தும் அரிப்பு கூடுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் பொடுகாகத்தான் இருக்கும். மலசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் தீனி. நம்ம கடலோர ஈரக்காற்றும் வியர்வையும் அதற்குத் தோது.

உதிர்வதை விரலில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சளாகப் பிசுபிசுத்தால் பூஞ்சையை அடக்கும் 2% கீட்டோகோனசோல் மருந்து கலந்த ஷாம்பூ. வாரம் 2 முறை, நுரையை 5 நிமிடம் விட்டு அலசுங்கள். 4 வாரமாவது பொறுங்கள். காய்ந்த வெள்ளைத் தூள் என்றால் வறட்சி, மணமில்லாத மென்மையான ஷாம்பூ போதும். எதுவானாலும் வெந்நீர் வேண்டாம். அப்புறம் காதுக்குப் பின்னால் ஈர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

புண், நீர்க்கசிவு, வட்டமாக முடி கொட்டுதல் இருந்தால் ஷாம்பூவை நம்பி நாள் கடத்தாமல் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.