ஒன்றரை வயதுப் பையனுக்குக் குடலிறக்கம்: கட்டுப்போட்டுக் காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. அழும்போதும் முக்கும்போதும் வலது தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைக்கிறது, தூங்கினால் மறைந்துவிடுகிறது. சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை செய்யச் சொல்கிறார்கள். புடைப்பின் மேல் காசு வைத்துக் கட்டினால் ஐந்து வயதுக்குள் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: காத்திருக்க வேண்டாம், அம்மா. வயது ஏற ஏறப் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்வது தொப்புள் குடலிறக்கம். அதற்கும் காசு வைத்துக் கட்டத் தேவையில்லை. உங்கள் மகனுக்கு இருப்பது வேறு, தொடை இடுக்குக் குடலிறக்கம். விதை வயிற்றிலிருந்து விதைப்பைக்கு இறங்கும்போது கூடவே வரும் சவ்வுக்குழாய், பிறப்பை ஒட்டி மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் அதற்குள் குடல் நழுவுகிறது. வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அந்தக் குழாய் மூடாது, தோல்தான் புண்ணாகும்.

பெரியவர்களுக்கு வைப்பதுபோல் இங்கே வலை வைப்பதில்லை. குழாயின் வாயை அடைத்தால் போதும். முழு மயக்கம் கொடுத்து, தொப்புள் வழியே 3 அல்லது 5 மி.மீ. கேமராவை நுழைப்பார்கள். உள்ளே பார்க்க இடம் வேண்டும் என்பதால் கார்பன் டை ஆக்சைடு வாயுவை 8 முதல் 10 மி.மீ. பாதரச அழுத்தத்தில் செலுத்துவார்கள். குழாயின் வாய் திரையில் கரிய துளையாகத் தெரியும். அதைச் சுற்றிக் கரையாத நூலை ஓட்டி, சுருக்குப்பை போல இழுத்து முடிச்சிடுவார்கள். நுணுக்கம் இங்கேதான். விந்து நாளமும் விதைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் அந்த வாயின் அடிப்பக்கத்தை ஒட்டியே ஓடுகின்றன. அவற்றையும் சேர்த்துக் கட்டினால் விதை சுருங்கிப்போகலாம். அதற்கு அஞ்சி இடைவெளி விட்டால் குடலிறக்கம் திரும்ப வரும்.

தொடை மடிப்பில் சிறு கீறல் போட்டுச் செய்யும் பழைய முறையும் நல்ல முறைதான். மறுபக்கமும் திறந்திருக்கிறதா என்று அதே மயக்கத்தில் பார்த்துவிடலாம் என்பது கேமராவின் பெரிய லாபம். இருபக்கக் குடலிறக்கத்துக்கும், ஒருமுறை செய்து திரும்ப வந்ததற்கும் அதையே தேர்ந்தெடுப்பேன். ஒருபக்கம் மட்டும் என்றால், செய்பவர் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரா, மயக்க மருத்துவர் சின்னக் குழந்தைகளுக்குப் பழகியவரா என்பதே முக்கியம். இரண்டையும் தயங்காமல் கேளுங்கள்.

அறுவைக்கு 6 மணி நேரம் முன்பே திட உணவையும் பசும்பாலையும், 4 மணி நேரம் முன்பு தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். தேதியைத் தள்ளிவைப்பதே நல்லது. குறைமாதத்தில் பிறந்தவன் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். வலிக்குப் பாராசிட்டமால், எடையில் கிலோவுக்கு 15 மி.கி. வீதம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். விதைப்பை சில நாள் லேசாக வீங்கியிருக்கும், பயம் வேண்டாம்.

அறுவை நாள் வரும்வரை ஒன்றைக் கவனியுங்கள். புடைப்பு கல்லுபோல இறுகி, உள்ளே போகாமல், குழந்தை விடாமல் அழுதால் குடல் சிக்கிக்கொண்டது என்று கொள்ளுங்கள். தோல் சிவந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ இன்னும் அவசரம். வீட்டில் அமுக்கிப் பார்க்காதீர்கள், பால்கூடக் கொடுக்காதீர்கள். இரவானாலும் குழந்தைகள் அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள்.