மூச்சுச் சோதனை இருக்கட்டும், முதலில் ஸ்கேன்

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

வயது 54, நான்கு மாதமாக வயிறு உப்புசம், சிறுகுடலில் பாக்டீரியா பெருகிவிட்டதாக இணையத்தில் படித்தேன், டர்பனில் மூச்சுச் சோதனை எங்கே செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் "புற்றுநோயாக இருக்குமோ டாக்டர்" என்று ஒரே ஒரு வரி. அதற்குத்தான் முதலில் பதில்.

பெரும்பாலும் இருக்காது. ஆனால் பார்த்தே ஆக வேண்டும். அரைத் தட்டுச் சோற்றிலேயே வயிறு நிரம்பிவிடுகிறது, முகம் ஒட்டிப்போயும் பாவாடை இடுப்பில் இறுக்குகிறது, ராத்திரி அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுகிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என்னை நிறுத்தியது இந்த மூன்றும்தான். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு முன்பு இல்லாத உப்புசம் புதிதாக வந்து, வடியாமல் தினமும் அப்படியே நின்றால், குடலுக்கு முன்னால் சினைப்பையைத்தான் நினைக்க வேண்டும். சினைப்பைப் புற்றுநோய் தொடக்கத்தில் வெறும் வாயுத் தொல்லை போலவே இருக்கும். ஓமத் தண்ணீர் குடித்தே மாதங்களைக் கழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். வயிற்றையும் இடுப்புப் பகுதியையும் கைவைத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் (சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு புரதத்தை அளப்பது) அடிவயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை சரியாக வந்துவிட்டது என்று ஸ்கேன் எடுக்காமல் திரும்பாதீர்கள், ஆரம்ப நிலையில் பலருக்கு அது ஏறுவதே இல்லை. ஏறியிருந்தாலும் உடனே பயப்பட வேண்டாம், சாதாரணக் கர்ப்பப்பைக் கட்டிக்கும் ஏறும். வாயு மாத்திரை கொடுத்து அனுப்பப் பார்த்தால், எனக்கு எழுதிய அந்த மூன்றையும் அப்படியே திருப்பிச் சொல்லுங்கள்.

சரி, மூச்சுச் சோதனை. நம் உடல் செல்கள் ஹைட்ரஜன் உண்டாக்குவதில்லை. குடல் பாக்டீரியா சர்க்கரையைப் புளிக்கவைக்கும்போது வருகிற ஹைட்ரஜன்தான் ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறும். குளுக்கோஸோ, சிறுகுடலில் செரிக்காத லாக்டுலோஸ் என்ற சர்க்கரையோ குடிக்கவைத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஊதச் சொல்லி அளப்பார்கள். 90 நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஏறினால் சிறுகுடலில் பாக்டீரியா அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் குடல் வேகமாக ஓடுகிறவருக்கு லாக்டுலோஸ் சீக்கிரமே பெருங்குடலுக்குப் போய்விடும், அங்கே எல்லோருக்கும் பாக்டீரியா உண்டு, இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும். கட்டி இருக்கிறதா என்று இந்தச் சோதனை சொல்லவே சொல்லாது.

அதுவும் இப்போது உங்களுக்கு எடுத்துப் பயனில்லை. அண்ணன் மகனிடம் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கை ஐந்து நாள் விழுங்கியிருக்கிறீர்கள்! அதற்குப் பிறகு நான்கு வாரமாவது போனால்தான் முடிவை நம்ப முடியும். யாருக்கோ எதற்கோ எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்கள் எப்படி அம்மா எடுக்கலாம்? மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் அதைக் கொடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. மிச்சம் இருந்தால் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நாக்கில் வெள்ளைப் படிவு, ஏப்பம் இரண்டையும் விடுங்கள். பேரப்பிள்ளைக்குத் தொற்றுமா என்றால், தொற்றாது, ஒரே தட்டில் சாப்பிடலாம். ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி வைத்த பன்னி சௌ சாப்பிட்ட ராத்திரி வயிறு ஊதினால் அது பீன்ஸ் செய்கிற வேலை, விடிந்ததும் வடிந்துவிடும்.

வயிறு கல் மாதிரி ஆகி, வாந்தி நிற்காமல், மலமும் காற்றும் பிரியாமல் போனால் மட்டும் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள், நேரே ஆர்.கே. கான் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.