அக்கா பதில்கள்: இடதுகால் சாக்ஸில் மணல்

கேள்வி: அக்கா, நாங்கள் பதினான்கு பேர் ஞாயிறுதோறும் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். எங்களில் மூத்தவர், எங்கள் எல்லோருக்கும் உயிர் நண்பர், போன வருடம் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். வருஷத் திதி நெருங்குகிறது. அவர் படம் போட்ட சட்டை அணிந்து, அவர் வீட்டு வாசலிலிருந்து கடற்கரைவரை எல்லோரும் ஓட்டலாம் என்று நினைத்தோம். ஆனால் அண்ணி, "அந்தச் சைக்கிள்தான் அவரைக் கொண்டுபோச்சு, இனி என் வாசலுக்குச் சைக்கிளே வரக் கூடாது" என்கிறார். நண்பரை நினைக்காமலும் இருக்க முடியவில்லை, அண்ணி மனத்தை நோகடிக்கவும் முடியவில்லை. என்ன செய்யட்டும்?
வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தம்பி, முதலில் அந்த வாசலை விட்டுவிடுங்கள். அது அண்ணியின் வாசல். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதில் பேச்சே இல்லை.

நாள் விஷயத்தில் உங்களுக்குச் சிக்கலே வராது. திதி சந்திரக் கணக்கு. அவர் இறந்த ஆங்கிலத் தேதியிலேயே இந்த வருடத் திதியும் வந்து விழாது. பத்துப் பதினொரு நாள் முன்னால் வரும், நடுவில் அதிக மாதம், அதாவது சந்திரக் கணக்கில் கூடுதலாகச் சேர்க்கிற மாதம், வந்தால் அந்தத் தேதிக்கும் பின்னால் தள்ளிப் போகும். கோயில் ஐயரிடம் கேட்டால் நாள் சொல்லிவிடுவார். திதி வீட்டுக்கு உரியது. அன்றைக்குச் சைக்கிளும் வேண்டாம், பளபளக்கிற சட்டையும் வேண்டாம். வேட்டி கட்டிப் போங்கள், படையலுக்கு முன்னால் நின்று கும்பிடுங்கள், இலையில் போட்டதைச் சாப்பிட்டு வாருங்கள். ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் வருகிற ஞாயிறு உங்களுடையது. அன்று ஓட்டுங்கள்.

ஆனால் திதிக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். என்ன கொண்டுபோவது என்று சொல்லத்தான் என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நான் சைக்கிளுக்கு வந்தேன். எங்கள் கூட்டத்துக்கும் ஒரு அண்ணா இருந்தார். 2022இல் போய்விட்டார், வயது 72. டர்பனில் கேட்டோ மேனரில் பிறந்தவர். அங்கிருந்த இந்தியர்களை வெள்ளையர் அரசு பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டார்களே, அப்போது சிறுவனாக வந்து சேர்ந்த குடும்பம். அமாஷோவா சைக்கிள் பந்தயத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன்வரை 106 கிலோமீட்டர் எத்தனையோ வருடம் ஓட்டியவர். அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமையில் என்னைப் போன்ற மெதுவானவர்களோடு கடைசியில்தான் வருவார்.

எனக்கு பஞ்சர் ஆனால் அவர் கை வைக்கவே மாட்டார். "நீயே போடு தங்கச்சி" என்று சாலையோரக் கல்லில் உட்கார்ந்துகொள்வார். ட்யூபை உருவிக் காற்றடித்து, கன்னத்துப் பக்கம் பிடித்துச் சுற்றுவேன். சில்லென்று காற்றுப் படுகிற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவ வேண்டும். தடவியதும் ஒட்டத்தான் கை துடிக்கும். "காயட்டும். பளபளப்பு போய் மங்கணும், அப்பத்தான் பிடிக்கும்" என்பார். அந்த ஐந்து நிமிடம் வேறு வேலை கிடையாது. அவர் பேசுவார், நான் கேட்பேன். பதினோரு வருடத்தில் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்யூஷன் காய்கிற நேரத்தில் தெரிந்துகொண்டதுதான்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ப்ளூ லகூன் போகிற வழியில் நார்த் பீச் வந்ததும் நிறுத்துவார். இடதுகால் ஷூவையும் சாக்ஸையும் கழற்றுவார், மணலில் இறங்கி அந்த ஒரு காலை மட்டும் ஊன்றி நிற்பார். ஒரு நிமிடம்கூட இருக்காது. காலைத் தட்டிவிட்டு, திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கால் வலி போல என்று நாங்களும் கேட்டதில்லை. ஒரு டிசம்பர் காலை, ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடலுக்கு மேலே வந்துவிட்டது, எனக்கு அங்கேயே பஞ்சர். அன்றுதான் சொன்னார். சிறுவனாக இருந்தபோது அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து அந்த வழியாகப் போயிருக்கிறார். இறங்கி ஓடிப்போய் மணலில் ஒரு கால் வைத்ததும் அப்பா வெடுக்கென்று தூக்கிக்கொண்டாராம். அது வெள்ளைக்காரர் கடற்கரை. 1953இல் போட்ட சட்டம், கடற்கரை, பூங்கா, பெஞ்சு எல்லாவற்றையும் நிறத்துக்கு ஒன்றாகப் பிரித்த சட்டம், 1990இல்தான் ரத்தானது. அப்போது இவருக்கு 40 வயது. "அன்னைக்கு வச்ச கால் இதுதான் தங்கச்சி" என்று இடதுகாலைக் காட்டினார். அப்புறம், "காய்ஞ்சிருச்சு பாரு, ஒட்டு" என்றார்.

அவருடைய பதினாறாம் நாளன்று கூடத்தில் அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சைக்கிள் என்றாலே ஆகாது. ஏதாவது பேச வேண்டுமே என்று இந்தக் கதையைச் சொன்னேன். அண்ணிக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அவர் அப்படியே என்னைப் பார்த்தார். "இடதுகாலா?" என்றார். "முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை துணி துவைக்கிறப்ப ஒரு சாக்ஸில மட்டும் மணல் இருக்கும். மெஷின் கெட்டுப்போகும்னு திட்டாத வாரமே இல்ல. ஒரு நாள்கூடச் சொல்லலியே." எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு சாம்பல்நிற சாக்ஸ் இருந்தது, துவைக்காதது. என் உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினார். ஒரு சிட்டிகை மணல் விழுந்தது.

தம்பி, உங்கள் நண்பரிலும் பாதி உங்களிடம் இருக்கிறது, பாதி அண்ணியிடம் இருக்கிறது. அவர் ஓட்டும்போது என்ன பாடினார், எந்த மேட்டில் திட்டினார், யாருக்குத் தன் தண்ணீரைக் கொடுத்தார் என்பதெல்லாம் அண்ணிக்குத் தெரியாது. சட்டை அடிக்கிற காசை மிச்சம் பிடியுங்கள். பதினான்கு பேரும் ஆளுக்கு ஒரு தாள் எழுதுங்கள். "நல்ல மனிதர், தங்கமானவர்" என்று எழுதினால் கிழித்துப் போடுங்கள். ஒரு நாள், ஒரு இடம், அவர் செய்த ஒரு காரியம், அவ்வளவுதான். தமிழ் எழுத வராத பிள்ளைகள் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். திதியன்று சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் படிக்க ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும். சைக்கிளை மன்னிக்கச் சொல்லி மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: எங்கள் தோழி வண்டி மோதி இறந்துவிட்டாள். அந்த இடத்தில் அவள் நினைவாக வெள்ளைச் சைக்கிள் வைக்க விரும்புகிறோம். இது எங்கிருந்து வந்த வழக்கம்? எப்படிச் செய்வது?
வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: உங்கள் துக்கம் புரிகிறது அம்மா. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 2003இல் தொடங்கியது, இன்று எத்தனையோ நாடுகளில் வைக்கிறார்கள். சாலையில் சாகிறவர்களில் தேர்ந்த ஓட்டக்காரர்களும் உண்டு என்பதை நம் குவாசூலு-நடால் மாநிலத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. லண்டன் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் போட்டியில் ஐந்தாவதாக வந்த பர்ரி ஸ்டாண்டர், அடுத்த சில மாதங்களிலேயே, 2013 ஜனவரி 3ஆம் தேதி, ஷெல்லி பீச்சில் பயிற்சியின்போது டாக்ஸி மோதிப் போய்விட்டார். 25 வயதுப் பிள்ளை. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

குடும்பத்தாரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிற அம்மாவோ அப்பாவோ அதைப் பார்க்கத் தாங்குவார்களா என்பது முக்கியம். அப்புறம் நகராட்சி அனுமதி. ஓட்ட முடியாத பழைய சைக்கிளாகப் பாருங்கள். செயின், பிரேக் கம்பி, பெடல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, அதற்கு மேல் வெள்ளை அடியுங்கள், டயருக்கும் சீட்டுக்கும் சேர்த்து. நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் கம்பத்தோடு பூட்டுங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் சீக்கிரம் துருவேறிவிடும். வருடா வருடம் வெள்ளை அடிக்க யார் பொறுப்பு என்று இப்போதே பேசி வையுங்கள். துருப்பிடித்து, ஒரு சக்கரம் போய் நிற்கிற நினைவுச் சைக்கிளைப் பார்ப்பது மிகவும் கொடுமை.

கேள்வி: இறந்துபோன நண்பனின் சைக்கிளை அவன் அம்மா எனக்குக் கொடுத்துவிட்டார். என்னைவிட அவன் உயரம். சீட்டை இறக்கவே மனம் வரவில்லை. அப்படியே மாட்டி வைக்கட்டுமா?
வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: மாட்டி வைக்காதே தம்பி, ஓட்டு. சீட்டை இறக்குவதற்கு முன், அவன் வைத்திருந்த உயரத்தில் சீட்டுக் கம்பியைச் சுற்றி ஒரு டேப் ஒட்டிவிடு. அப்புறம் உன் உயரத்துக்கு இறக்கிக்கொள். ஒரு வருடம் சும்மா நின்ற ட்யூபை நம்பாதே, இரண்டையும் மாற்று. அவன் அம்மா வீட்டுக்கு அதிலேயே போய், ஓட்டிக் காட்டிவிட்டு வா.