நானா? நான் இல்லை!

கே: அய் யாசாவாவின் 'நானா' என்ற மங்காவை (ஜப்பானியப் படக்கதை) இருபத்தொரு தொகுதியும் தேடித் தேடி வாங்கிப் படித்தேன். 2009இல் நின்ற தொடருக்கு இன்றுவரை 'முற்றும்' போடவில்லை. இப்படி அந்தரத்தில் விட்டுப் போவது வாசகர்களுக்குச் செய்யும் துரோகம் இல்லையா? பேசாமல் எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ப: அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். 'நானா' என்று எழுதிவிட்டீர்கள், இனி நான் சும்மா இருக்க முடியாது.

பல வருஷத்துக்கு முன்னால் இதே மங்காவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். தலைப்பு, 'நானா – இரண்டு பெண்களின் கதை'. அப்போது எங்களிடம் இருந்த மெய்ப்புத் திருத்துநர் கேள்விக்குறி மீது அளவு கடந்த பக்தி உள்ளவர். நடுவில் இருந்த கோட்டை அடித்துவிட்டு அங்கே தன் குலதெய்வத்தைப் பிரதிஷ்டை செய்துவிட்டார். இதழ் வந்தது. 'நானா? இரண்டு பெண்களின் கதை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, பக்கத்திலேயே திருதிருவென்று விழிக்கும் என் புகைப்படம். வீட்டில் என்னென்ன விசாரித்தார்கள் என்பது இந்தப் பகுதியின் வரம்புக்குள் வராது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டால், 'ஆ ஓ ஈற்றும்' என்று நன்னூல் சூத்திரத்தை எடுத்துவிட்டார். ஆகாரத்தில் முடிந்தால் வினாவாம். "ஐயா, ஜப்பானிய மொழியில் நானா என்றால் ஏழு" என்றேன். "ஏழா?" என்றார்.

அந்த ஏழு சாதாரண ஏழு இல்லை. கதையில் இரண்டு நானாக்கள். இருவருக்கும் வயது இருபது, தோக்கியோ போகும் ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பிறகு ஒரே வீட்டில் குடியேறுகிறார்கள், அந்த வீட்டின் எண் 707. பாடகியாக இருக்கும் நானா, மற்ற நானாவுக்கு ஹாச்சி என்று பட்டப்பெயர் வைக்கிறாள். ஏழுக்கு அடுத்தது எட்டு, ஹாச்சி என்றால் எட்டு. கூடவே ஹாச்சிகோ என்ற நாயின் ஞாபகமும் அந்தப் பெயரில் இருக்கிறது. எஜமானர் 1925இல் இறந்துபோனது தெரியாமல், 1935இல் தான் சாகும்வரை ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்து வந்து காத்திருந்த நாய் அது. மங்காவில் பின்வரும் வருடங்களைக் காட்டும் காட்சிகளில் இந்த ஹாச்சியும் அதையேதான் செய்கிறாள். எங்கோ போய்விட்ட நானா திரும்பி வருவாள் என்று அந்தப் பழைய வீட்டை விடாமல் வைத்திருக்கிறாள். அவள் வந்து சேர்வதற்குள் தொடர் நின்றுவிட்டது. கணக்குப் பார்த்தால் நாய் காத்திருந்தது பத்து வருஷத்துக்கும் கொஞ்சம் குறைவு. நாம் அதைத் தாண்டி வெகுநாள் ஆயிற்று. ஒப்பிடுகிறேன் என்று கோபிக்க வேண்டாம், நானும் அதே பிளாட்பாரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, துரோகம். யாசாவா உடம்பு முடியாமல் 2009 ஜூனில் பேனாவைக் கீழே வைத்தவர். படுத்த மனுஷியைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? அதைக் கொஞ்சம் பத்திரப்படுத்துங்கள், செலவழிக்க வேறு இடம் இருக்கிறது. 'நானா'வை வெளியிட்ட அதே ஷுஎய்ஷா நிறுவனத்தின் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் ஒரு அஞ்சலட்டை வரும். பிடித்த மூன்று தொடர்களைக் குறித்து வாசகர் அனுப்ப வேண்டும். கடைசி இடங்களிலேயே தங்கிவிட்ட தொடருக்குப் பத்து இருபது வாரத்தில் சீட்டுக் கிழிந்துவிடும். இதற்கு அங்கே 'உச்சிகிரி' என்று பெயர். நம் காதுக்கு ஏதோ மலைக்கோயில் மாதிரி கேட்கிறது. காரியமும் மலை உச்சியிலிருந்து தள்ளிவிடுகிற காரியம்தான். வில்லன் குத்துக்கல் மாதிரி நிற்பான், அப்பா யார் என்று தெரிந்திருக்காது, கதாநாயகனும் தோழர்களும் வானத்தைப் பார்த்து ஒரு பாய்ச்சல் பாய்ந்து "நம் போர் இனிமேல்தான்!" என்பார்கள். 'ஆசிரியரின் அடுத்த படைப்பை எதிர்பாருங்கள்' என்று மூலையில் ஒரு வரி. நீங்கள் கேட்கும் 'முற்றும்' இதில் சட்டப்படி இருக்கிறது, திருப்தியா? கார்டு போட்டவர்கள் யார் என்று பார்த்தால், எல்லாரும் உங்களையும் என்னையும் போன்ற வாசகர்கள்.

அதென்னவோ 'முற்றும்' மேல் நமக்கு அப்படி ஒரு மோகம். நோயும் முற்றும், சண்டையும் முற்றும், பைத்தியமும் முற்றும். அதையெல்லாம் நாம் விரும்புவதில்லை, கதை மட்டும் முற்றியே ஆகவேண்டும். கல்கி மூன்றரை வருஷம் 'பொன்னியின் செல்வன்' எழுதி முடித்த பிறகும், திடீரென்று முடித்துவிட்டீர்களே, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கடிதங்கள். பாவம், அதற்காகத் தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஓய வேண்டாம் என்பது என் கட்சி.

எனக்குப் பிடித்த முடிவு 'ஸ்லாம் டங்க்' என்ற கூடைப்பந்து மங்காவில் இருக்கிறது. சான்னோ பள்ளி அணியோடு கதாநாயகனின் அணி ஆடும் ஒரே ஒரு ஆட்டம், தொகுதி தொகுதியாக மூச்சுப் பிடித்து வரைந்திருப்பார் தகேஹிகோ இனோவே. கடைசி நொடியில் வெற்றி. அடுத்த ஆட்டத்தில் வென்ற அதே அணி படுதோல்வி அடைந்தது என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு, 1996இல் கடையைக் கட்டிவிட்டார். 'முதல் பாகம் முடிந்தது' என்று இதழில் போட்டார்கள், இரண்டாம் பாகம் வரவே இல்லை. கோபம் வந்ததா என்றால், வந்தது. அந்தக் கடைசித் தொகுதியை எத்தனை தடவை திரும்பப் படித்தேன் என்று கேட்காதீர்கள்.

கொடுத்துவிடலாமா என்றீர்கள். கொடுக்காதீர்கள். மனசு கேட்கவில்லை என்றால் எட்டாவது தொகுதியை மட்டும் எனக்கு அனுப்புங்கள். என்னிடம் ஏழு இருக்கிறது, ஒன்பது இருக்கிறது, ஹாச்சியைத்தான் காணோம். பெயர்களின் எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்க வேண்டும் என்று அந்த மெய்ப்புத் திருத்துநர் அன்றைக்கு வாங்கிப் போனது. போன மாதம் தொலைபேசியில் பிடித்து, என் புத்தகத்தை எடுத்துப் போனது நீங்கள்தானே என்று கேட்டேன்.

"நானா?" என்றார்.