மார்கனின் மாயகோவ்ஸ்கி

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்துக் கவிஞர் எட்வின் மார்கனின் சில கவிதைகளை வாசித்தேன். அவரை எங்கிருந்து தொடங்குவது? மொழிபெயர்ப்பில் ஆற்றலை வீணாக்காமல் இருந்திருந்தால் இன்னும் பெரிய கவிஞராகியிருப்பார் அல்லவா? ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் திறப்புக்குக் கவிதை எழுதியது சமரசமா?

செ.

அன்புள்ள செ.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசையில் மார்கனின் மொழிபெயர்ப்புகள்தாம் விரிந்து கிடந்தன. அதனால் ‘வீணாக்காமல்’ என்ற சொல் என்னைச் சுட்டது. யோசிக்காமல் எழுதப்பட்ட சொல் அது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1980 வரை ஆங்கில இலக்கியம் கற்பித்த அவர், 1952லேயே பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தை மொழிபெயர்த்து வெளியிட்டார். எழுதத் தொடங்கிய நாள் முதல் கவிதை, மொழிபெயர்ப்பு இரண்டையும் ஒரே வேலையாகவே செய்தவர்.

1972ல் ரஷ்யக் கவிஞர் மாயகோவ்ஸ்கியின் 25 கவிதைகளை அவர் ஸ்காட்ஸ் மொழிக்குக் கொண்டுவந்தார். ஒரு காலத்தில் ஸ்காட்லாந்து அரசவையின் மொழியாக இருந்து, 1603ல் அரசர் லண்டனுக்குச் சென்றபின் மெல்ல மெல்ல அடுக்களைக்கும் தெருவுக்கும் ஒதுக்கப்பட்டு, பள்ளியில் ஆசிரியர்கள் திருத்தும் ‘பிழை’யாகிவிட்ட மொழி அது. அதன்மேல் இரக்கப்பட்டு மார்கன் அதை எடுக்கவில்லை. மாயகோவ்ஸ்கியின் கட்டற்ற அங்கதத்துக்கு ஆங்கிலக் கவிதையைவிட ஸ்காட்டிய மரபே இடம்கொடுக்கும் என்று ஒரு கைவினைஞரின் கணக்கோடு முடிவு செய்தார். பின்னர் பிரெஞ்சு நாடகாசிரியர்களான ரொஸ்தானின் சிரானோவும் ரசீனின் துன்பியலும்கூட அதே மொழியில் மேடையேறின.

இளவயதில் நான் மொழிபெயர்த்த கதையொன்றில் ஒரு கிழவரின் பேச்சை எங்கள் ஊர்ச் சொற்களிலேயே எழுதியிருந்தேன். பதிப்பாசிரியர் ஒருவர் அத்தனையையும் பொதுத்தமிழாக்கி அச்சிட்டார்; அச்சில் அந்தக் கிழவர் அரசாணையைப் படிப்பவர்போலப் பேசினார். நான் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் வேற்றுமொழிப் பாத்திரம் நம் வட்டாரத்தில் பேசக்கூடாது என்று நானும் நம்பியிருந்தேன். மார்கனின் மாயகோவ்ஸ்கியைப் படித்த இரவில்தான் அந்தக் கிழவரை நான் கைவிட்டது உறைத்தது. இன்றும் அது ஆறவில்லை.

சமரசம் பற்றிய கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2004ல் தேசியக் கவிஞராக நியமிக்கப்பட்டு, நோயின் காரணமாக கவிஞர் லிஸ் லாக்ஹெட் வாயிலாக வாசிக்கச் செய்த அந்தக் கவிதையில், நாடாளுமன்ற உறுப்பினர்கள் கோழைகளாக இருக்கக்கூடாது என்றே அவர் எச்சரித்தார். ஒருபால் காதல் குற்றமாக இருந்த நாட்டில் வளர்ந்து, 70ஆம் வயதில் தம்மை வெளிப்படையாக அறிவித்துக்கொண்டவருக்கு அதைச் சொல்லும் தகுதி இருந்தது.

தொடங்குவதற்கு, மாயகோவ்ஸ்கி மொழியாக்கத்தின் ஒரு பக்கத்தை உரக்க வாசியுங்கள் தம்பி. அகராதியை இரண்டாம் வாசிப்பில் எடுத்துக்கொள்ளலாம்.